‘ஏ’ என்றால் எத்தனை வீதம் என்று எங்களிடம் கேட்காதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப நினைப்பவர்களும், வெளிநாட்டில் இருந்து பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பி வர இருப்பவர்களும் கடைசி வரைக்கும் வாசித்தால் நல்லது.

போன கிழமை ஆசிரியர் ஓய்வறைக்கு ஒரு வாப்பா பைல் ஒன்றோடு வந்தார். மகன் எங்களிடம் படித்த பிள்ளை. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. வெளிநாட்டில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஏஜென்சி ஒன்றைப் பிடித்திருக்கிறார். ஏஜென்சி கேட்பது பாடசாலையில் இருந்து ஒரு கடிதம். பெறுபேற்றை வீதத்தில் போட்டு, அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமாம்.

“எல்லா ஏக்கும் 95 எண்டு போடுங்க டீச்சர். பிக்கு 85. சீக்கு 75. அவங்களே டைப் பண்ணித் தந்திரிக்காங்க, நீங்க சைன் மட்டும் எடுத்துத் தந்தாப் போதும்.”

முடியாது என்று சொன்னோம். ஏன் என்றும் சொன்னோம். அவர் ஏற்கவில்லை. “வேற ஸ்கூல்ல குடுக்காங்களே” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அஸருக்குப் பள்ளிக்குப் போன எங்கள் சக ஆசிரியர் ஒருவரிடம், “என்ன சேர், புள்ளையொண்டுட எதிர்காலத்துல மண்ணைப் போட்டுட்டீங்களாமே” என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் செய்தி போகும் வேகம் உங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் இந்தப் பதிவு. அந்த வாப்பா மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் பிள்ளைக்கு நல்லது செய்யத்தான் வந்தார். ஆனால் அவர் கேட்டது எங்களால் உண்மையாகச் செய்ய முடியாத ஒரு காரியம்.

பரீட்சைத் திணைக்களம் தருகிற சாதாரண தரப் பெறுபேற்றை எடுத்துப் பாருங்கள். பாடத்துக்கு நேரே ஒரு எழுத்துத்தான் இருக்கும். ஏ, பி, சி, எஸ், டபிள்யூ. புள்ளி இருக்காது. பிள்ளை 76 எடுத்து ஏ வந்ததா, 98 எடுத்து ஏ வந்ததா என்பது பிள்ளைக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, அதிபருக்கும் தெரியாது. 75இல் இருந்து 100 வரைக்கும் ஒரே வாசல். அந்த வாசலால் உள்ளே போன பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று நாங்கள் எதை வைத்து எழுதுவது? 95 என்று எழுதினால் அது நாங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சாட்சி சொல்வது. கையெழுத்து ஒரு அமானிதம். இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் இப்படி நல்ல பிள்ளைகள் மாதிரிப் பேசுவதற்கு முன் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்களும் இப்படிக் கடிதம் கொடுத்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஒன்பது ஏ எடுத்த ஒரு பிள்ளை இதே மாதிரி வந்தது. 95 போடச் சொன்னார்கள். நாங்கள் “பொய் எழுத மாட்டோம், ஆகக்குறைந்த புள்ளியைத்தான் எழுதுவோம்” என்று பெரிய நேர்மைக்காரர்களாக நின்று, ஒன்பது பாடத்துக்கும் 75 வீதம் என்று எழுதிக் கொடுத்தோம். அதிபர் கையெழுத்து வைத்தார். எங்களுக்கு மனநிறைவு.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் 80க்குக் கீழே எடுத்தவர்களை நேர்முகத்துக்கே கூப்பிடுவதில்லை. இந்த நாட்டில் அதற்கு மேல் ஒரு எழுத்தே இல்லாத பெறுபேற்றை எடுத்த பிள்ளை, அவர்கள் கண்ணுக்கு நடுத்தரமான பிள்ளையாகத் தெரிந்தது. நிராகரித்துவிட்டார்கள். அங்கே இருந்த மச்சான் ஒருவர் மூலச் சான்றிதழைக் கொண்டு நேரில் போய், இந்த நாட்டில் ஏ என்பது 75 முதல் 100 வரை, இதைவிட உயர்ந்த தரம் கிடையாது என்று விளங்கப்படுத்திய பிறகு அடுத்த தவணைக்கு எடுத்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் வீணானது. 95 எழுதியவன் மட்டும் பிழை செய்தவன் இல்லை. 75 எழுதிய நாங்களும் அதே பிழையைத்தான் செய்தோம். ஒரு எல்லையைக் குறிக்கும் எழுத்தை ஒற்றை இலக்கமாக மாற்றியதுதான் பிழை. இலக்கம் கூடினாலும் குறைந்தாலும் அது எங்கள் கற்பனை.

இனி அந்த இலக்கங்களைக் கொஞ்சம் பார்ப்போம். 70 என்ற ஒரே புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடசாலைத் தவணைப் பரீட்சையில் 70 எடுத்தால் பி. உம்மா “இன்னும் அஞ்சு எடுத்திரிந்தா ஏ” என்று பெருமூச்சு விடுவா. பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டப்படிப்புக்கு 70 எடுத்தால் அது முதல் வகுப்பு. அங்கே 90 எடுக்கும் மாணவர் அபூர்வம். இந்தியாவில் பல பல்கலைக்கழகங்களில் காலங்காலமாக 60க்கே முதல் வகுப்பு. அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் ஏ என்பது 90இல் தொடங்கும், 70 என்றால் சி, 60 என்றால் விழும் விளிம்பு. அவுஸ்திரேலியாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிய ஏடார் என்று ஒன்று கொடுக்கிறார்கள். அதில் 70 என்பது புள்ளியே இல்லை, இடம். தன் வயதுக் கூட்டத்தில் நூற்றுக்கு எழுபது பேரை முந்தியிருக்கிறது பிள்ளை என்று அர்த்தம். அதில் நூறு கிடையாது, உச்சமே 99.95தான்.

ஒரே 70. ஒரு இடத்தில் மாலை போடுவார்கள், இன்னொரு இடத்தில் வாப்பாவைக் கூட்டி வரச் சொல்வார்கள்.

இங்கிலாந்தில் இப்போது நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே 2017இல் இருந்து ஜீ.சி.எஸ்.ஈ. பரீட்சைக்கு எழுத்தை விட்டுவிட்டு 9 முதல் 1 வரை இலக்கத்துக்கு மாறினார்கள். 9தான் உச்சம். பழைய சி தொடங்கிய இடத்தில் 4ஐயும், பழைய ஏ தொடங்கிய இடத்தில் 7ஐயும் வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு உம்மம்மா லண்டனில் இருக்கும் பேரன் கணிதத்துக்கு 7 எடுத்தான் என்று கேள்விப்பட்டு, “ஏழா? அல்லாஹ்வே, பத்துக்கா நூத்துக்கா?” என்று கேட்டிருக்கிறா. அவவில் பிழை இல்லை. ஜேர்மனியில் போய் 1 எடுத்தால் அதுதான் மிகச் சிறந்த பெறுபேறு. அங்கே 4 வரைக்கும் சித்தி, அதற்கு மேல் போனால் தோல்வி. லண்டன் பேரனும் ஜேர்மனிப் பேரனும் ஒரே நேரத்தில் வட்ஸ்அப்பில் பெறுபேறு அனுப்பினால் உம்மம்மா யாருக்கு வட்டிலப்பம் செய்வது?

இதில் எங்கள் வீடுகளில் நடக்கும் அநியாயத்தை ஆசிரியர்களாக நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். பெருநாளைக்கு வெளிநாட்டில் இருந்து சாச்சா குடும்பம் வரும். சாச்சாவின் மகனுக்கு 93 வீதம். இங்கே இருக்கிற மகளுக்கு 68. அவ்வளவுதான், அந்தப் பெருநாள் அந்தப் பிள்ளைக்கு முடிந்தது. சாச்சாவின் மகன் என்ன வினாத்தாள் எழுதினான், நூறில் எத்தனை புள்ளி செயற்பாட்டுக்கும் கொப்பிக்கும் கொடுத்தார்கள், அவன் வகுப்பில் சராசரி என்ன என்று யாரும் கேட்பதில்லை. அவன் வகுப்புச் சராசரி 90 ஆகவும், இவள் வகுப்புச் சராசரி 45 ஆகவும் இருக்கலாம். அப்படியென்றால் யார் கெட்டிக்காரர்?

இந்த விஷயத்தை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பிள்ளையிடம் பிழை செய்துதான் தெரிந்துகொண்டோம்.

மூன்று வருடங்களுக்கு முன் கட்டாரில் இருந்து ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பியது. வாப்பாவுக்கு அங்கே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மகள் இந்தியப் பாடத்திட்டப் பாடசாலையில் படித்தவள். கையில் கொண்டு வந்த அறிக்கையில் கணிதம் ஏ2, விஞ்ஞானம் ஏ2, ஆங்கிலம் ஏ1. நாங்கள் பார்த்தோம், ஏ என்ற எழுத்து இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளை என்று தரம் 10இல் நல்ல வகுப்பாகப் பார்த்துப் போட்டோம். அந்த 2 எதற்கு என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

முதலாம் தவணை. கணிதம் 38. விஞ்ஞானம் 44.

உம்மா பாடசாலைக்கு வந்து அழுதா. “அங்க எல்லாத்துக்கும் ஏ எடுத்தவ டீச்சர். இஞ்ச வந்து என்ன நடந்திச்சி? நீங்க மாக்ஸ் போடுறதுல கஞ்சத்தனமா?” என்று கேட்டா. அவ போன பிறகு ஓய்வறையில் நாங்கள் பேசியது அதைவிட மோசம். “அங்க சும்மா அள்ளிக் கொடுக்கிற மாக்ஸ். உண்மையான மாக்ஸ் இப்பதான் தெரியுது” என்றோம். சிரித்தோம் கூட. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்து அவளுடைய விடைத்தாளை மறுபடி புரட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பைதகரஸ் கணக்கு ஒன்றுக்குப் படம் சரியாகக் கீறியிருந்தாள். அளவுகளையும் சரியாகக் குறித்திருந்தாள். அதற்குப் பிறகு வெறுமை. கூப்பிட்டுக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், செம்பக்கம் எண்டா என்ன?”

அவளுக்கு ஹைப்போட்டனியூஸ் தெரியும். செம்பக்கம் தெரியாது. இடை என்றால் இடுப்பு என்று நினைத்திருக்கிறாள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, ஆனால் கணிதத்தை ஒரு நாளும் தமிழில் கேட்டதில்லை. பக்கத்துப் பாடசாலையில் இருமொழிக் கல்விப் பிரிவு இருக்கிறது. அங்கே படிப்பிக்கும் தோழி ஒருவரிடம் அந்தத் தவணைக்குரிய ஆங்கில மொழி மூல வினாத்தாளை வாங்கி வந்து, வாசிகசாலையில் இருத்தி எழுதவிட்டோம். 71 எடுத்தாள்.

38க்கும் 71க்கும் நடுவில் இருந்தது அறிவு இல்லை, மொழி. சரி, அப்போது 71க்கும் அவளுடைய ஏ2க்கும் நடுவில் இருந்தது என்ன? பிறகு உட்கார்ந்து தேடினோம். இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்விச் சபையின் பாடசாலைகளில், சி.பி.எஸ்.ஈ. என்று சொல்வார்களே, வகுப்பு அறிக்கைக்குப் பயன்பட்டு வந்த அளவுகோலில் ஏ1 என்றால் 91 முதல் 100, ஏ2 என்றால் 81 முதல் 90. நூறில் எழுத்துப் பரீட்சைக்கு 80, பாடசாலையின் உள்ளக மதிப்பீட்டுக்கு 20. கொப்பியை ஒழுங்காக வைத்திருக்கும், செயற்பாடுகளைச் செய்யும் பிள்ளைக்கு அந்த இருபதில் பதினெட்டு கிடைத்துவிடும். எங்கள் தவணைக் கணிதத்தில் முழுவதும் வினாத்தாள்தான். ஆகவே அங்கத்தைய 84ம் இங்கத்தைய 71ம் அவ்வளவு தூரத்தில் இல்லை. அங்கே யாரும் சும்மா அள்ளிக் கொடுக்கவில்லை. அவர்கள் வேறு ஒன்றை அளந்தார்கள்.

இன்னொன்றையும் அப்போதுதான் அறிந்தோம். அதே சபை பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் ஏ1, ஏ2 என்று போடும்போது அது வேறு கணக்கு. அங்கே சித்தியடைந்த எல்லோரையும் வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ2 என்று இறங்குகிறது. அதாவது பாடசாலை அறிக்கையில் ஏ2 என்பது புள்ளி எல்லை. பொதுப் பரீட்சைச் சான்றிதழில் ஏ2 என்பது வரிசையில் இடம். எழுத்தும் ஒன்று, சபையும் ஒன்று, அர்த்தம் இரண்டு. இதைத் தெரியாமல்தான் நாங்கள் ஒரு பிள்ளைக்கு வகுப்புத் தீர்மானித்தோம்.

அந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கில மொழி மூலத்தில் எழுதினாள். கணிதத்துக்கு பி. நாங்கள் அந்த விடைத்தாளைப் புரட்டாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. “கணக்கு வராத பிள்ளை” என்று கலைப் பிரிவுக்கு அனுப்பியிருப்போம். (கலைப் பிரிவு மட்டம் என்று சொல்லவில்லை. கணக்கு வரும் பிள்ளையைக் கணக்கு வராது என்று சொல்லி அனுப்புவதைச் சொல்கிறோம்.)

ஒரு முறையால் வந்த புள்ளியை இன்னொரு முறைக்கு மாற்றுவது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. எழுபதுகளில் மொழி மூலத்தை வைத்துப் புள்ளிகளைத் தரப்படுத்தியது என்ன காயத்தை உண்டாக்கியது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். இருபது வருடங்களுக்கு மேலாகப் பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் புள்ளி பார்க்கிறார்கள். அதன் அடிப்படை நல்லதுதான். பிள்ளை எடுத்த புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. ஒரு பாடத்தின் இடை 40, நியம விலகல் 15 என்றால் 70 எடுத்த பிள்ளைக்கு இஸட் 2. இன்னொரு பாடத்தின் இடை 55, நியம விலகல் அதே 15 என்றால், அதே 70க்கு இஸட் 1தான். பிள்ளை தன் கூட்டத்தில் எங்கே நிற்கிறது என்று அது சொல்கிறது.

ஆனால் கூட்டம் எது என்று பிழையாக எடுத்தால் நல்ல சூத்திரமும் பிழையைத்தான் தரும். எங்களில் சிலர் 2011 உயர்தர மட்டத்தினர். அந்த வருடம் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டம், புதிய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டம். வினாத்தாளும் வேறு. இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இஸட் புள்ளி போட்டார்கள். விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2012இல் இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கும்படி தீர்ப்பு வந்தது. அந்த மாதங்களில் வெட்டுப்புள்ளி எப்போது வரும் என்று வீட்டில் காத்திருந்தது இன்றைக்கும் மனதில் இருக்கிறது. பேராசிரியர்களும் கணினிகளும் இருந்த இடத்தில், ஒரே நாட்டுக்குள், ஒரே பரீட்சையின் இரண்டு பாடத்திட்டங்களைச் சேர்ப்பதிலேயே இவ்வளவு பெரிய தடுமாற்றம். ஏஜென்சி ஒன்றின் மேசையில் டைப் பண்ணிய துண்டுக் கடிதத்தால் இரண்டு நாடுகளைச் சேர்க்கலாம் என்று நாங்கள் நம்ப வேண்டுமாம்.

“அப்ப வெளிநாட்டுக்காரன் எப்படித்தான் பார்ப்பான்?” என்று கேட்பீர்கள். அதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் யூகே எனிக், கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் டபிள்யூ.ஈ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள், ஜேர்மனியில் அனாபின் என்ற தரவுத்தளம். எங்கள் சாதாரண தரம், உயர்தரம் என்றால் என்ன என்பது இவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவர்களுக்குத் தேவை திணைக்களம் தரும் உண்மையான சான்றிதழ். ஆங்கிலத்தில் எடுத்து, கேட்டால் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி அனுப்பினால் போதும். பாடசாலை போட்ட வீதத்தைப் பார்த்துவிட்டு திணைக்களச் சான்றிதழையும் பார்க்கும் அதிகாரிக்கு, சான்றிதழில் இல்லாத இலக்கம் கடிதத்தில் எப்படி வந்தது என்று யோசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்தச் சந்தேகம் பிள்ளையின் மற்ற ஆவணங்கள் மேலும் விழும். நாளைக்கு எங்கள் ஊரில் இருந்து போகும் அடுத்த பிள்ளையின் மேலும் விழும்.

ஜேர்மனியின் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் பாடசாலைகளாகிய எங்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. வெளிநாட்டுப் புள்ளியை மாற்ற அவர்கள் பாவிக்கும் ஒரு சூத்திரத்துக்குத் திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்று பெயர். அந்த முறையில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளியில் இருந்து மாணவர் எடுத்த புள்ளியைக் கழிக்க வேண்டும். அதை, உச்சப் புள்ளியில் இருந்து சித்திப் புள்ளியைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும்.

70 எடுத்த மாணவரை எடுப்போம். உச்சம் 100. சித்திப் புள்ளி 35 என்றால், 30ஐ 65ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட ஏறத்தாழ 2.4 வரும். அதே மாணவர், அதே 70. ஆனால் சித்திப் புள்ளி 50 என்று எடுத்துக்கொண்டால் 30ஐ 50ஆல் வகுக்க வேண்டும், விடை 2.8. ஜேர்மனியில் சிறிய இலக்கம்தான் நல்லது என்று மேலே சொன்னோம். பல கற்கைநெறிகளுக்கு 2.5க்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். சித்திப் புள்ளி எது என்ற ஒரே தகவலால் ஒரு பிள்ளை உள்ளே, அல்லது வெளியே.

இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் முன்னேற்ற அறிக்கைகளையும், எந்த நிறுவனமாவது கொடுத்த டிப்ளோமாப் புள்ளிப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். சித்திப் புள்ளி எத்தனை என்று எங்கேயாவது அச்சிட்டிருக்கிறதா? எங்கள் பாடசாலை அறிக்கையில் இல்லை. புள்ளி இருக்கிறது, மொத்தம் இருக்கிறது, இடம் இருக்கிறது, “இன்னும் முயற்சிக்கவும்” என்ற குறிப்பு இருக்கிறது. எல்லோருக்கும் அதே குறிப்பு, அதுவும் எங்கள் குற்றம்தான். எத்தனை எடுத்தால் ஏ, எத்தனை எடுத்தால் சித்தி, எந்த மொழி மூலம், அந்தப் பாடத்தில் வகுப்பின் இடை எத்தனை என்று இல்லை. இவை இல்லாத அறிக்கையைத் தூர தேசத்தில் ஒருவர் கையில் கொடுத்தால் அவர் தன் ஊர் அளவுகோலை வைத்துத்தான் வாசிப்பார். நாங்கள் கட்டார் அறிக்கையை வாசித்த மாதிரி.

எஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லி வளர்த்திருக்கிறோம்: “இங்கிலீஷுக்கு எஸ் எடுத்தாலும் பாஸ்தானே.” உள்ளூரில் சரி, 35 எடுத்தால் சாதாரண சித்தி. ஆனால் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல எங்கள் சாதாரண தரத்தைத் தங்கள் ஜீ.சி.எஸ்.ஈ.யோடு பாடம் பாடமாக ஒப்பிடும்போது சீயில் இருந்துதான் கணக்கில் எடுக்கின்றன. எஸ் அங்கே சித்தி இல்லை. இதை உயர்தரமும் முடித்து, விண்ணப்பம் போடும் வயதில் வந்து தெரிந்துகொண்டு அதிர்ச்சியடையும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். எந்த ஏஜென்சிக் கடிதத்தாலும் எஸ்ஸை சி ஆக்க முடியாது. இதைத் தரம் 9இலேயே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கடமை எங்களுடையது. நாங்கள் சொல்லவில்லை. இந்த வருடம் சொல்லத் தொடங்கியிருக்கிறோம்.

சர்வதேசப் பாடசாலைக்கு மாற்ற நினைக்கும் பெற்றோருக்கும் இதே மாதிரி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே இருந்துகொண்டு லண்டன் உயர்தரம் எழுதும் பிள்ளை, எவ்வளவு நல்ல பெறுபேறு எடுத்தாலும், உள்ளூர் உயர்தரப் பிள்ளைகளோடு வழமையான வழியில் அரச பல்கலைக்கழகத்துக்குப் போட்டியிட முடியாது. அங்கே இஸட் புள்ளி வேண்டும், அது உள்ளூர்ப் பரீட்சைக்குத்தான் உண்டு. மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. தரம் 6இல் மாற்றும்போதே இது தெரிந்து மாற்றுங்கள், பிள்ளை 18 வயதில் வந்து கேட்கும்போது தடுமாறாமல் இருக்க.

“நீங்க நேர்மை பேசி இரிங்க, மற்ற ஊர்ப் புள்ளையள் 95 போட்டுக்கொண்டு போயிருவாங்க” என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கவலை எங்களுக்கு விளங்குகிறது. சில பேர் அப்படிப் போயிருக்கவும் கூடும். ஆனால் அந்தக் கடிதம் அந்தப் பிள்ளையின் பைலில் எப்போதும் இருக்கும். வீசா எடுக்கும்போது, வேலை எடுக்கும்போது, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது யாராவது ஒருவர் சான்றிதழையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அன்றைக்கு ஏஜென்சிக்காரர் இருக்க மாட்டார். பிள்ளைதான் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே நாங்கள் செய்யப்போவது இதுதான். வீதம் போட்ட கடிதம் இனி தருவதில்லை, கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு ஒன்று ஆங்கிலத்தில் தயாரித்திருக்கிறோம். இந்த நாட்டின் தரங்கள் எவை, அதில் உச்சம் எது, எதற்குக் கீழே சித்தி இல்லை, பிள்ளை எந்த மொழி மூலத்தில் எந்தப் பாடங்கள் எழுதியது, பொதுப் பரீட்சையில் திணைக்களம் புள்ளிகளை வெளியிடுவதில்லை என்ற விளக்கம் எல்லாம் அதில் இருக்கும். பிள்ளையின் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் எங்கள் பதிவேட்டில் இருப்பதால், விரும்பினால் அவற்றை வகுப்பின் இடையோடு சேர்த்துத் தருவோம். அவை நாங்கள் கண்ணால் பார்த்த புள்ளிகள், அதற்கு எங்களால் சாட்சி சொல்ல முடியும். அதிபர் சம்மதித்துவிட்டார். அடுத்த மாதம் பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில், முன்னேற்ற அறிக்கையின் பின்பக்கத்தில் அளவுகோலை அச்சிடும் யோசனையையும் வைக்கிறோம். அச்சகத்தில் கேட்டோம். பின்பக்கம் வெறுமையாகத்தான் போகிறதாம், பெரிதாகச் செலவு கூடாது என்றார்கள்.

வெளிநாட்டில் இருந்து திரும்பி வரும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். அறிக்கையை மட்டும் கொண்டு வராதீர்கள். கொப்பிகளையும், எழுதிய வினாத்தாள்களையும், அந்தப் பாடசாலையின் தர அளவுகோல் அச்சிட்ட பக்கத்தையும் கொண்டு வாருங்கள். விடுகைப் பத்திரம் எடுக்கும் அவசரத்தில் இவற்றை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பிள்ளைக்கு எந்த மொழியில் கணக்கு விளங்கும் என்று முதல் நாளே எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

போன கிழமை கோபித்துக்கொண்டு போன அந்த வாப்பா இதை வாசிப்பார் என்று நினைக்கிறோம், அவருடைய மச்சான் எங்கள் நண்பர் பட்டியலில் இருக்கிறார். மாமா, குறிப்பு தயார். மகனுடைய தவணைப் புள்ளிகளையும் எடுத்து வைத்திருக்கிறோம், கணிதத்தில் வகுப்பின் இடை 47ஆக இருந்த தவணையில் அவர் 88 எடுத்திருக்கிறார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். பைலோடு வாருங்கள்.